ரன்னர் அப் என்ன உங்கள் ஸ்டெப்னியா? அழகிப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மிஸ் யூனிவர்ஸ், மிஸ் வேர்ல்ட், மிஸ் எர்த், மிஸ் கிராண்ட் என்று ஆளுக்கொரு கிரீடத்தை வைத்துக்கொண்டிருக்கும் அமைப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அழகிப் போட்டியே தேவையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. 1970-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மிஸ் வேர்ல்ட் நடந்துகொண்டிருந்தபோது பெண்கள் எழுந்து மாவை வீசிய நாளிலிருந்து அந்தச் சண்டை நடக்கிறது, இன்னும் நடக்கட்டும். நீங்கள் நடத்துகிறீர்கள், உலகம் முழுக்க ஆட்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன். நான் கேட்க வந்தது ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். கடைசியில் இரண்டு பேர் கைகோத்து நிற்பார்கள் இல்லையா, அதில் கிரீடம் கிடைக்காத அந்த இன்னொருவர். உங்கள் பாஷையில் முதல் ரன்னர் அப்.

அந்தக் கடைசி நிமிடத்தை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெற்றியாளரின் நாட்டுப் பெயர் வந்ததும் காகிதத் துண்டுகள் கொட்டும், கேமரா ஜெயித்தவர் முகத்துக்குப் போய்விடும், பக்கத்தில் நின்றவர் அவரைக் கட்டிப்பிடித்து, இரண்டு தட்டு தட்டிக்கொடுத்து, யாரும் சொல்லாமலே ஓரமாக நகர்ந்துவிடுவார். எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு அடி பின்னால், ஒரு அடி பக்கத்தில். மிஸ் யூனிவர்ஸில் பல ஆண்டுகள் அவர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை. அவள் ஜெயித்தாள், அப்படியானால் இவள் இரண்டாவது என்று பார்க்கிற நாமேதான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். நூறு பேருக்கு மேல் வருகிற போட்டிகளில் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லாரையும் தாண்டி வந்தவருக்கு இதுதான் மரியாதை.

சரி, தோற்றவர் தோற்றவர்தான், அவரை அப்படியே விட்டுவிடுகிறீர்களா என்றால் அதுவும் இல்லை. வெற்றியாளரால் கடமையைத் தொடர முடியாமல் போனால் முதல் ரன்னர் அப் அந்த இடத்துக்கு வருவார் என்று மேடையிலேயே தொகுப்பாளரை விட்டுச் சொல்ல வைக்கிறீர்கள். வண்டியின் அடியில் ஸ்டெப்னியை மாட்டி வைப்பது மாதிரிதான் இது. டயர் வெடிக்கும் வரை அது இருக்கிறதா இல்லையா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை, வெடித்துவிட்டால் அடுத்த நிமிடமே அது தயாராக இருக்க வேண்டும்.

வெடித்தும் இருக்கிறது, ஒன்றிரண்டு தடவை இல்லை. 1974-ல் மிஸ் வேர்ல்ட் பட்டம் வென்ற பிரிட்டனின் ஹெலன் மோர்கன், திருமணமாகாத தாய் என்று பத்திரிகைகள் துரத்தியதில் நான்கே நாளில் பட்டத்தை விட்டார். ரன்னர் அப் ஆக இருந்த தென்னாப்பிரிக்காவின் அன்னலின் கிரீல் மிஸ் வேர்ல்ட் ஆனார். 1980-ல் மேற்கு ஜெர்மனியின் கேப்ரியெல்லா பிரம் ஒரு நாள்கூட முழுதாகத் தாங்கவில்லை, 18 மணி நேரத்தில் விலகிவிட்டார். பசிபிக் கடலில் புள்ளி மாதிரி இருக்கும் குவாம் தீவின் கிம்பர்லி சான்டோஸ் தலைக்குக் கிரீடம் போனது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, உங்களுக்கே ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. அந்த ஹெலன் மோர்கன் அதே 1974-ல், சில மாதங்களுக்கு முன் மணிலாவில் நடந்த மிஸ் யூனிவர்ஸ் போட்டியில் முதல் ரன்னர் அப். அங்கே ஜெயித்த ஸ்பெயினின் அம்பாரோ முனோஸும் தன் பட்டக்காலம் முடிவதற்குள் பட்டம் வேண்டாம் என்று போய்விட்டார். அப்போது விதிப்படி யார் வரவேண்டும்? ஹெலன் மோர்கன்தான். ஆனால் அவர் ஏற்கெனவே இன்னொரு கிரீடத்தை வாங்கித் திருப்பியும் கொடுத்துவிட்டார்! மிஸ் யூனிவர்ஸ் அமைப்பு என்ன செய்தது என்றால், ஒன்றும் செய்யவில்லை, அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டது. அடுத்த ரன்னர் அப்பைக் கூப்பிடவும் இல்லை. ஒரே காலகட்டத்தில் ஒரு அமைப்பு உடனே கிரீடத்தைக் கைமாற்றுகிறது, இன்னொன்று கண்டுகொள்ளாமல் இருக்கிறது. இது விதியா, இல்லை அந்தந்த நேரத்துக்குத் தோன்றுவதா?

மிஸ் யூனிவர்ஸில் அந்த விதி முதல் தடவையாக நிஜமாக வேலை செய்தது 2002-ல்தான். ரஷ்யாவின் ஒக்ஸானா ஃபெடோரோவாவிடமிருந்து பட்டத்தை எடுத்துவிட்டு, பனாமாவின் ஜஸ்டின் பாசெக்குக்கு செப்டம்பரில் கொடுத்தார்கள். மே மாதம் சான் ஹுவானில் விளக்கு வெளிச்சத்தில், உலகமே பார்க்க நடந்த போட்டியின் கிரீடம், நியூயார்க்கில் ஒரு செய்தியாளர் சந்திப்பில் அன்றைய உரிமையாளர் டொனால்டு டிரம்ப் பக்கத்தில் நிற்கக் கைமாறியது. நல்ல வேளையாக அடுத்த ஆண்டுப் போட்டி பனாமா சிட்டியிலேயே நடந்ததால், ஜஸ்டின் தன் சொந்த நாட்டு மக்கள் முன்னால் நடந்து வந்து கிரீடத்தை அடுத்தவருக்குக் கொடுத்தார். அது நீங்கள் திட்டம் போட்டுக் கொடுத்த மரியாதை இல்லை என்றாலும் பார்க்க நன்றாக இருந்தது.

சமீபத்திய கதைக்கு வருகிறேன். 2024 அக்டோபரில் பாங்காக்கில் மிஸ் கிராண்ட் இன்டர்நேஷனல் பட்டம் வென்றவர் இந்தியாவின் ரேச்சல் குப்தா. 2025 மே கடைசியில் உறவு முறிந்தது. நானே விலகினேன் என்று அவர் சொன்னார், நாங்கள்தான் நீக்கினோம் என்று அமைப்பு சொன்னது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இந்த மடலின் வேலை இல்லை. ஜூன் முதல் வாரத்தில் முதல் ரன்னர் அப், பிலிப்பைன்ஸின் சி.ஜே. ஒபியாசா பாங்காக் வந்து கிரீடம் சூட்டிக்கொண்டார். அடுத்த போட்டி அக்டோபரில். ஆக அவருக்குக் கிடைத்தது ஐந்து மாதத்துக்கும் குறைவு. அதிலும் முதல் சில வாரங்கள் செய்தியாளர்கள் கேட்டதெல்லாம் முன்னால் இருந்தவரைப் பற்றித்தான் இருந்திருக்கும். முழுசாக ஒரு ஆண்டு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இரண்டு பேர் ஒரே சமயத்தில் பட்டத்தோடு இருந்தால் வானம் இடிந்துவிடாது. குறைந்தது, இப்படிப் பாதியில் வருகிறவருக்கு வெற்றியாளருக்கு அறிவித்த பரிசில் எவ்வளவு போகும், சம்பளம் எந்தத் தேதியிலிருந்து, பயணச் செலவு யாருடையது என்பதையாவது போட்டிக்கு முன்பே எழுதி வெளியிடுங்கள். கிரீடத்தில் எத்தனை கல் என்று பத்திரிகைக் குறிப்பு அனுப்பத் தெரிகிற உங்களுக்கு இதை எழுதுவது கஷ்டமாக இருக்காது.

2015-க்கு வராமல் இந்த மடல் முடியாது. டிசம்பர் 20, லாஸ் வேகஸ், மிஸ் யூனிவர்ஸ் மேடை. ஜெயித்தவர் கொலம்பியா என்றார் தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி. முந்தைய ஆண்டு ஜெயித்தவரும் கொலம்பியாக்காரர்தான், பவுலினா வேகா. அவர் கையாலேயே அரியாட்னா குட்டியரெஸ் தலையில் கிரீடம் ஏறியது. பூச்செண்டு, நாட்டின் சின்னக் கொடி, பார்வையாளர்களை நோக்கி முத்தங்கள் என்று சில நிமிடம் போனது. பிறகு ஹார்வி மறுபடியும் மேடைக்கு வந்து மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார், முதல் ரன்னர் அப் கொலம்பியா, வெற்றியாளர் பிலிப்பைன்ஸ் என்றார். பியா உர்ட்ஸ்பாக் கண்ணை விரித்துக்கொண்டு, இது நிஜமா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தபடி முன்னால் வந்தார். அரியாட்னா தலையிலிருந்து கிரீடத்தை எடுக்க வேண்டிய வேலையும் வைத்த பவுலினாவுக்கே வந்தது.

அதை உலகம் இன்றுவரை வேடிக்கைக் காட்சியாகத்தான் பார்க்கிறது. முடிவு அச்சடித்த அட்டையை ஹார்வி தூக்கிக் காட்டினார், நாங்களும் பார்த்தோம். இரண்டாவது ரன்னர் அப், முதல் ரன்னர் அப் இரண்டும் இடது பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக, வெற்றியாளர் பெயர் மட்டும் வலது பக்கம் கீழே தனியாக. பதற்றத்தில் யாருக்கும் கண் தவறும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. அன்று இரவு அந்தப் பெண்ணின் நாட்டையும் முதல் ரன்னர் அப் என்பதையும் சேர்த்து மேடையில் உரக்கச் சொன்னதே திருத்தம் போடுவதற்காகத்தான்! முதலிலேயே அதை ஒழுங்காக அறிவித்து, அவருக்கு அரை நிமிடம் கைதட்டல் வாங்கிக் கொடுத்து, அப்புறம் வெற்றியாளரை அறிவிக்கிற வழக்கம் இருந்திருந்தால் அட்டையை எப்படி அச்சடித்திருந்தாலும் அந்தக் கூத்து நடந்திருக்குமா? அப்புறம் 2017 ஜனவரியில் மணிலாவில் நடந்த அடுத்த போட்டிக்கு அதே ஹார்வியே தொகுப்பாளர். பியா அவருக்கு மேடையிலேயே மூக்குக் கண்ணாடி கொடுக்க, எல்லாரும் சிரித்தார்கள். தப்புச் செய்தவருக்குத் தப்பே ஒரு நகைச்சுவைக் காட்சியாக மாறிவிட்டது, நல்லது, அவர் கொடுத்துவைத்தவர்.

கீழிருந்து மேலே அறிவிப்பது ஒன்றும் புதுசு இல்லை. மிஸ் வேர்ல்டில் 2019-ல் அப்படித்தான் செய்தார்கள்: மூன்றாவது இந்தியாவின் சுமன் ராவ், இரண்டாவது பிரான்சின் ஓஃபெலி மெசினோ, பிறகு ஜமைக்காவின் டோனி ஆன் சிங். அன்று எல்லாருக்கும் நினைவில் நின்றது நைஜீரியாவின் நியேகாச்சி டக்ளஸ். ரன்னர் அப்கூட இல்லை, கடைசி ஐவரில் ஒருவர். ஜமைக்கா என்று கேட்டதும் தானே ஜெயித்த மாதிரி துள்ளிக் குதித்து, ஓடி, திரும்பி வந்து கட்டிப்பிடித்தார். கேமரா ஒரு நொடி அதிகமாக அந்தப் பக்கம் நின்றதால் அது நமக்குக் கிடைத்தது. உங்கள் கேமராக்காரர்களுக்கு இதை அனுப்புங்கள்.

மதிப்பெண் விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் மிஸ் யூனிவர்ஸ் நேரலையில் ஒவ்வொரு சுற்றிலும் நடுவர்கள் போட்ட மார்க் திரையில் ஓடும். யார் எந்தச் சுற்றில் ஏறினார், எங்கே இறங்கினார் என்று பார்க்கிறவனுக்கே தெரியும். இப்போது என்ன தெரிகிறது? ஒன்றும் இல்லை. 2025 நவம்பரில் பாங்காக்கில் இறுதிப் போட்டிக்குச் சில நாள் முன்னால் நடுவர்களில் ஒருவரான ஓமர் ஹார்ஃபூஷ், நடுவர் குழுவுக்கு வெளியே முன்கூட்டியே ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று சொல்லி விலகினார். அமைப்பு மறுத்தது. அவர் சொன்னது சரியா தவறா என்று என்னால் சொல்ல முடியாது, மார்க்கை மூடி வைத்திருக்கும் வரை உங்களாலும் நிரூபிக்க முடியாது. இதில் அதிகம் அடிபடுவது ரன்னர் அப்தான். அரை மார்க்கில் போனதா, மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமா, எந்தப் பதில் கவிழ்த்தது என்று அவருக்கே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். கொலம்பியா 1992, 93, 94 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து முதல் ரன்னர் அப். பாவோலா டர்பாய், பவுலா பெட்டன்கூர், கரோலினா கோமஸ். அதில் மூன்றாவது ஆண்டு ஜெயித்தவர் நமக்கெல்லாம் தெரிந்த சுஷ்மிதா சென். நம்மிடம் அந்த இரவின் நினைவு ஒன்று இருக்கிறது என்றால் கொலம்பியாவில் அதே இரவின் நினைவு வேறு மாதிரி இருக்கும். ஆனாலும் மார்க் திரையில் ஓடிய காலம் அது, எப்படிப் போனது என்றாவது தெரிந்து தூங்கப் போயிருப்பார்கள்.

ரன்னர் அப்களுக்கு உங்கள் பரிதாபம் தேவை என்று நான் சொல்லவில்லை. சுஷ்மிதாவிடம் மிஸ் இந்தியாவில் இரண்டாவதாக வந்த ஐஸ்வர்யா ராய் அதே ஆண்டு சன் சிட்டியில் மிஸ் வேர்ல்ட் ஆனார். 1986-ல் மிஸ் யுஎஸ்ஏவில் முதல் ரன்னர் அப் ஹாலி பெர்ரி, பிறகு ஆஸ்கரில் சிறந்த நடிகைக்கான விருது வாங்கிய முதல் கறுப்பினப் பெண். 2008-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்த மிஸ் வேர்ல்டில் ரஷ்யாவின் க்செனியா சுகினோவாவுக்கு அடுத்து வந்த பார்வதி ஓமனக்குட்டனை நாம் பிறகு தமிழ்த் திரையிலும் பார்த்தோம். தென்னாப்பிரிக்காவின் டமரின் கிரீன், மருத்துவம் படித்தவர், காசநோய் வந்து மீண்டவர். 2018 மிஸ் யூனிவர்ஸில் கேட்ரியோனா கிரேயிடம் கிரீடத்தைத் தவறவிட்டார், காசநோயைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள் என்ற தன் பிரசாரத்தை அந்த மேடை வரை கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த மேடையை அவர் ஒரு ஆண்டு முழுக்கப் பயன்படுத்த நீங்கள் வழி செய்திருந்தால் உங்களுக்குத்தான் பெருமை.

1970-ஐ ஆரம்பத்தில் சொன்னேன், மாவு வீசியதை எல்லாரும் சொல்வார்கள். அந்தப் போட்டியில் இரண்டாவதாக வந்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பேர்ல் ஜான்சன். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்த ஆண்டு இரண்டு பேர் வந்தார்கள். தென்னாப்பிரிக்கா என்ற பட்டையை வெள்ளைக்காரப் பெண் போட்டுக்கொண்டார், வெள்ளையர் அல்லாத பேர்லுக்கு ‘ஆப்பிரிக்கா சவுத்’ என்று சொல்லைத் திருப்பிப் போட்டு ஒரு பட்டை. நாட்டின் பெயரைக்கூட நேராகப் போட்டுக்கொள்ள முடியாதவர், அந்த வெள்ளைக்காரப் பெண்ணையும் தாண்டி இரண்டாம் இடம் வந்தார். ஜெயித்த கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டனுக்கு வரலாறு கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். பேர்ல் திரும்பிப் போனது அதே நிறவெறி நாட்டுக்கு.

ஆறுதலுக்கு ஏதாவது கொடுக்கிறோமே என்பீர்கள். மிஸ் எர்த் பரவாயில்லை, அடுத்த மூன்று பேரையும் காற்று, நீர், நெருப்பு என்று பெயர் வைத்துக் கிரீடம் சூட்டுகிறார்கள். 2002-ல் ஜெயித்தவர் நீக்கப்பட்டபோது, ‘காற்று’ பட்டத்தோடு இருந்த கென்யாவின் வின்ஃப்ரெட் ஒம்வாக்வேயை மேலே கொண்டுவந்தார்கள். மிஸ் யூனிவர்ஸ் இப்போது கண்டத்துக்கு ஒருவர் என்று பட்டம் கொடுக்கிறது. 2025-ல் நான்காவது ரன்னர் அப் ஆன ஐவரி கோஸ்டின் ஒலிவியா யாசேக்கு ஆப்பிரிக்கா, ஓசியானியா பட்டம் போனது. சில நாளிலேயே அவர் அது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு முன்பே மிஸ் வேர்ல்டில் இரண்டாவது ரன்னர் அப் ஆக வந்தவர் அவர், மேடையும் தெரியும், ஆறுதல் பரிசு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ஒரு பட்டத்தை வாங்கியவரே கையோடு திருப்பிக் கொடுக்கிறார் என்றால் அதில் கௌரவம் எவ்வளவு இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எனக்கு நிஜமாகவே கோபம் வந்த விஷயம். தாய்லாந்தின் ஓபல் சுசாதா 2024 நவம்பரில் மெக்சிகோ சிட்டியில் நடந்த மிஸ் யூனிவர்ஸில் மூன்றாவது ரன்னர் அப். பதினாறு வயதில் மார்பில் வந்த கட்டியை அறுவை செய்து எடுத்தவர், அதிலிருந்து மார்பக ஆரோக்கியம் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பவர். அடுத்த ஆண்டு மிஸ் வேர்ல்டுக்குப் போனார். வேறு போட்டிக்குப் போனதால் அந்த ரன்னர் அப் பட்டம் அவர் பெயரிலிருந்து போனது. யோசித்துப் பாருங்கள், மூன்றாவது ரன்னர் அப். அவர் முறை வர வேண்டுமானால் அவருக்கு முன்னால் மூன்று பேர் வரிசையாக விலகியாக வேண்டும்! அந்த நடக்கவே நடக்காத நாளுக்காக ஒரு பெண் வேறு எந்த மேடையிலும் ஏறாமல் இருக்க வேண்டுமா? அதுவும் மெக்சிகோவில் அன்று இரவு வாங்கிய இடம் அன்று இரவே முடிந்துபோன உண்மை, அதை எப்படித் திரும்ப எடுப்பீர்கள்? ஓட்டப் பந்தயத்தில் நான்காவது வந்தவர் அடுத்த ஆண்டு வேறு பந்தயத்தில் ஓடினால் பழைய நேரத்தை அழிப்பார்களா? 2025 மே 31-ல் ஹைதராபாத்தில் அவர் மிஸ் வேர்ல்ட் ஆனார், தாய்லாந்துக்கு முதல் தடவை.

ஆகவே, ஒன்று அவர்களைக் காத்திருக்கச் சொல்லுங்கள், காத்திருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் கொடுங்கள், முதல் ரன்னர் அப் ஒருவருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதி வரை. இல்லையென்றால் மேடை இறங்கிய அடுத்த நாளே எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், போன பிறகு பெயரை அழிக்காதீர்கள். இந்த இரண்டில் எதையும் செய்யாமல் நடுவில் கட்டிப்போட்டு வைப்பதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அப்படியெல்லாம் இல்லை, எல்லாம் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது என்று பதில் எழுதுவதாக இருந்தால் ரொம்ப நல்லது. பதிலோடு ரன்னர் அப் பற்றிய அந்தப் பக்கத்தையும் சேர்த்து வெளியிடுங்கள், அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிற பெண்கள் படித்துக்கொள்ளட்டும்.